ஏழு வருஷக் கணக்கு

தென்னம்பிள்ளை ஒன்றை நட்டால் முதற்பாளை வெடிக்க ஆறு, ஏழு வருஷம் ஆகும். நெட்டைத் தென்னைக்கு இதுதான் கணக்கு. அதன்பிறகு அறுபது வருஷம் காய்க்கும். ஆக, பிள்ளை நடுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஏழு வருஷத்துக்கு முன்கூட்டியே ஒரு எதிர்வுகூறல் சொல்கிறார்: இந்தக் காணி எங்களிடம் இருக்கும், காய் பிடுங்க ஆள் இருக்கும், தேங்காய்க்கு விலை இருக்கும்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்குடாவில் நின்று இந்த எதிர்வுகூறலைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு, ஏறத்தாழ 28,000 ஏக்கர், படுத்துப் போனது. மாவட்டத்தின் மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒன்றும் போனது. சாய்ந்த மரங்களை அகற்றி, அடுத்த மாரியில் மறுபடி நட்டவர்கள் இருந்தார்கள். 1979இல் நட்ட ஒரு பிள்ளையை மனதில் வைத்து அதன் வயதை எண்ணிப் பாருங்கள். நாலு வயதில் 1983 ஜூலைக் கலவரம். பதினொரு வயதில், நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தபோது, 1990இன் யுத்தம். காணிக்காரர் ஊரில் இல்லை, காய் தானாக விழுந்து தானாக முளைத்தது. இருபத்தைந்து வயதில் சுனாமி. முப்பதில் யுத்தம் முடிந்தது. நாற்பதில் உயிர்த்த ஞாயிறுக் குண்டு, பக்கத்துப் பாசிக்குடாவில் ஹோட்டல் அறைகள் காலி. அடுத்த வருஷம் கொரோனா. நாற்பத்து மூன்றில், 2022 ஓகஸ்ட்டில், மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளக்காரருக்கு அது இன்னொரு சூறாவளி.

இதையெல்லாம் வரிசையாகச் சொன்னதும் "தளராத மக்கள்" என்று ஒரு பெருமூச்சு விடத் தோன்றும். ஆவணப்படக்காரர்களுக்கு அது பிடிக்கும். எனக்கு அந்தப் பெருமூச்சில் பிரியமில்லை; அது பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடுகிறது. குழி வெட்டுகிற இடத்தில் போய் நின்று பாருங்கள். மூன்றடிக் குழி. அடியில் தேங்காய் மட்டையை இரண்டு அடுக்கு அடுக்குகிறார்கள். "மனே, மட்டைய மல்லாத்தி அடுக்கு. குப்புற வெச்சா தண்ணி நிக்காது" என்று அம்மப்பா பேரனுக்குச் சொல்வார். மணற்தரையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மட்டை உறிஞ்சி வைத்த ஈரம்தான் பிள்ளையைக் காப்பாற்றும். பிறகு மேல்மண், பிறகு கிடுகு மறைப்பு, பிறகு ஆடு வராமல் அலம்பல் வேலி. இன்னொரு புயல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "வந்தா மறுகா நடுறதுதான்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் வீரம் எதுவும் இல்லை. மட்டையை எப்படி அடுக்குவது என்று தெரிந்தவரின் குரல் அது. நல்லதை எதிர்பார்க்கும் மனம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அறிவியல் இன்றைக்குச் சொல்லும் விடையும் கிட்டத்தட்ட அந்த மட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர அது ஐம்பது வருஷம் சுற்றிவந்தது.

முதலில், மனிதர் எல்லாரும் தங்கள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாக நல்லதை எதிர்பார்க்கிறார்கள் என்பது. 1980இல் நீல் வைன்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர் 250க்கு மேற்பட்ட மாணவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். நல்ல வேலை, சொந்த வீடு, மாரடைப்பு, விவாகரத்து என்று வாழ்க்கையில் நடக்கக்கூடிய 42 விஷயங்கள். உன் வகுப்பில் மற்றவர்களைவிட உனக்கு இது நடக்கும் வாய்ப்புக் கூடவா, குறைவா? நல்லது எனக்குக் கூட நடக்கும், கெட்டது குறைய நடக்கும் என்றே பெரும்பாலானோர் எழுதினார்கள். ஒருவர் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். வகுப்பு முழுக்கச் சொன்னால் கணக்கு எங்கோ உதைக்கிறது.

லண்டனில் டாலி ஷாரட்டும் அவரது சகாக்களும் 2011இல் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். ஒருவரிடம், உனக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு, உன் வீட்டில் களவு போகும் வாய்ப்பு எவ்வளவு என்று எண்பது கெட்ட நிகழ்வுகளைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னதும் சராசரி எவ்வளவு என்று காட்டினார்கள். பிறகு மறுபடி கேட்டார்கள். நாற்பது வீதம் என்று பயந்திருந்தவருக்குச் சராசரி முப்பது என்று தெரிந்தால் உடனே இறங்கி வந்தார். பத்து வீதம் என்று நம்பியிருந்தவருக்கு முப்பது என்று தெரிந்தாலோ, மெல்ல ஒரு சிறு அடி மட்டும் ஏறினார். நல்ல செய்தி தலைக்குள் இலகுவாகப் போகிறது, கெட்ட செய்தி வாசலில் நிற்கிறது என்பது அவர்கள் முடிவு. எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அரிய நிகழ்வுகளைப் பற்றிக் கேட்கும்போது எண்களின் இயல்பே இப்படி ஒரு சாய்வைப் போலியாக உருவாக்கும் என்று 2016இல் ஒரு குழு வாதிட்டது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

கல்குடாவுக்குப் பொருந்தும் ஆய்வு 2018இல் வந்தது. ஷாரட்டின் குழுவினர் அதே பரிசோதனையை, ஆபத்து நெருங்கியிருக்கும்போது செய்து பார்த்தார்கள். ஆய்வுகூடத்தில் சிலரிடம், இன்னும் சற்று நேரத்தில் நீ எல்லார் முன்னும் பேச வேண்டும் என்று சொல்லிப் பதற்றப்படுத்தினார்கள். கொலராடோவில் பணியிலிருந்த தீயணைப்பு வீரர்களிடமும் செய்தார்கள். பதற்றம் ஏற ஏற அந்தச் சாய்வு மறைந்தது. கெட்ட செய்தியும் நல்ல செய்தியைப் போலவே உள்ளே போனது. அதாவது நன்னம்பிக்கை என்பது ஒருவரோடு பிறந்து நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட குணம் மட்டும் இல்லை. சூழலைப் பார்த்து மூளை திறந்து மூடும் ஒன்று.

2012 ஏப்ரல் 11 பின்னேரம், சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியதாகச் செய்தி வந்தபோது இந்தக் கரையோரம் முழுக்க ஓடியது. யாரும் வாய்ப்பு விகிதம் கேட்கவில்லை. பெரிய அலை வரவில்லை. சும்மா ஓடினோம் என்று அன்றைக்கு யாராவது சிரித்திருந்தால், 2004 டிசெம்பர் 26 காலையில் அவர் இங்கே இருந்திருக்க மாட்டார். தொடர்ந்து ஆபத்துக்குப் பழகிய ஊர் கெட்ட செய்தியைக் கூர்மையாகக் கேட்கும். அப்படியானால் அதே ஊர் எப்படித் தென்னம்பிள்ளையும் நடுகிறது? ஷாரட்டின் ஆய்வு இந்த இடத்தில் வாய்மூடி நிற்கிறது. நாய்களிடம் போக வேண்டும்.

1967இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் செய்த பரிசோதனை மனதுக்கு இதமானதல்ல. ஒரு தொகுதி நாய்களுக்கு மின்னதிர்ச்சி. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இரண்டாம் தொகுதிக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரத்துக்கு. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. மூன்றாம் தொகுதிக்கு எதுவும் இல்லை. மறுநாள் எல்லா நாய்களையும் ஒரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் தாழ்ந்த தடுப்பு. தாவினால் தப்பலாம். முதலாம், மூன்றாம் தொகுதி நாய்கள் தாவக் கற்றுக்கொண்டன. இரண்டாம் தொகுதியில் பெரும்பாலானவை படுத்து முனகின. பட்ட நோவு இரண்டு தொகுதிக்கும் ஒன்றுதான். வித்தியாசம், தன் செயலால் ஏதாவது மாறியதா இல்லையா என்பது மட்டும். இதற்குக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்று பெயர் வைத்தார்கள். உயிர்கள் தோல்வியிலிருந்து கையறுநிலையைக் கற்கின்றன என்ற விளக்கம் ஐம்பது வருஷம் பாடப்புத்தகத்தில் இருந்தது.

2016இல் அதே இருவரும் சேர்ந்து, எங்கள் விளக்கம் தலைகீழ் என்று எழுதினார்கள். விஞ்ஞானத்தில் இப்படி எழுதுகிறவர்கள் குறைவு. அதற்காகவே அந்தக் கட்டுரையை ஒருமுறை வாசிக்கலாம். இடைப்பட்ட காலத்தில் மையர் எலிகளின் மூளைக்குள் பார்த்திருந்தார். மூளைத்தண்டில் டோர்சல் ராஃபே என்றொரு சிறு கரு இருக்கிறது. தொடர்ந்து நோவு வந்தால் அது தானாகவே செரொட்டோனினைக் கொட்டி உடலைச் சோர வைக்கிறது. இதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. நீண்ட துன்பத்துக்கு உடலின் முதல் மறுமொழியே படுத்துக் கிடப்பதுதான். கற்க வேண்டியிருப்பது மற்றது. சில்லைச் சுற்றினால் அதிர்ச்சி நிற்கிறது என்று ஓர் எலி கண்டுகொண்டால், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி அதைக் குறித்துக்கொண்டு அந்தச் சிறு கருவை அடக்குகிறது. வாய்க்கால் நிரம்பியதைப் பார்த்துத் துருசை மூடும் வட்டவிதானையின் வேலை அது. அதைவிட முக்கியம்: ஒருமுறை இப்படிக் கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பிறகு எதுவும் செய்ய முடியாத அதிர்ச்சியில் மாட்டினாலும் எளிதில் சோர்ந்துவிடுவதில்லை. முன்னைய அனுபவம் தடுப்பூசியாக நிற்கிறது.

இந்தத் தலைகீழ் மாற்றத்தின் பொருள் பெரியது. துன்பப்பட்டவர் ஏன் சோர்ந்துவிட்டார் என்று விசாரிப்பதில் பயனில்லை. சோர்வு தானாக வருவது. சோராதவர் எதை, எங்கே, எப்போது கற்றார் என்றுதான் கேட்க வேண்டும். வாடைக்காற்றில் கடல் எழும்பும் கார்த்திகை, மார்கழியில் கல்குடாக் கரையில் வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டவர் சும்மா இருப்பதில்லை. வாழைச்சேனை ஆற்றில் வீச்சுவலை போடுகிறார், இறால் பார்க்கிறார், வாடிக்குள் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். கடலைக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் வலைக்கண் அவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் நெற்றிக்குப் பின்னால் ஒரு குறிப்பாக விழுகிறது என்று நான் சொன்னால் அது எலியிலிருந்து மனிதருக்குக் கொஞ்சம் நீளமான தாவல்தான். ஆனாலும் தாவலாம் என்று தோன்றுகிறது.

மனிதரில் இதற்கு நெருங்கிய பரிசோதனை 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது. எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது என்பது உங்கள் பொறுப்பு, படம் பார்க்கும் நாளை நீங்கள் தேர்ந்தெடுங்கள், இந்தச் செடிகளில் ஒன்றை எடுத்து நீங்களே பாருங்கள் என்றார்கள். இன்னொரு மாடிக்கும் செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றுவது தாதிமார். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர் கூடுதல் உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த மாடியில் இறந்தோர் 15 வீதம், மற்றதில் 30 வீதம். மொத்தம் தொண்ணூறு பேரளவில்தான் இருந்தார்கள், ஆகவே இறப்புக் கணக்கை நான் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். உற்சாகத்தைப் பற்றிய பகுதியை நம்புகிறேன். வயதான அம்மாவைக் கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் கையில் கொடுக்கும் பாசமுள்ள பிள்ளைகள் இந்த ஆய்வை ஒருமுறை யோசிக்கலாம். கீரை ஆயவாவது விடுங்கள்.

இனிக் கைக்கு எட்டாத நம்பிக்கை. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956இல் தொடங்கியது. வைக்கோலிலிருந்து கடதாசி. வயலுக்கும் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். யுத்த காலத்தில் நொடிந்தது. ஆலையை முழுமையாகத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி அமைச்சர் மாறும்போதெல்லாம் வரும். இடையில் சிறிதளவு ஓடியும் இருக்கிறது. அந்தச் செய்தியை நம்பிப் பொடியனை வேறு தொழிலுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதும் நன்னம்பிக்கைதானே என்று கேட்டால், ஜெர்மன் உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் இல்லை என்பார். 1991இல் அவரும் தோமஸ் வாடனும் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே அளந்தார்கள். ஒன்று, என்னால் குறைக்க முடியும் என்ற எதிர்பார்ப்பு. மற்றது, மெலிந்த பிறகு தோழிகள் என்ன சொல்வார்கள் என்ற இனிய கற்பனை. ஒரு வருஷம் கழித்து, எதிர்பார்ப்பு வலுவாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 12 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். கற்பனை இனிமையாக இருந்தவர்கள் ஏறத்தாழ 11 கிலோ குறைவாகவே குறைத்திருந்தார்கள். கற்பனையிலேயே போய்ச் சேர்ந்துவிட்ட உடம்பு நடக்க மறுக்கிறது. அதனால் ஓட்டிங்கன் சொல்லும் வழி, விரும்புவதை நினைத்ததும் குறுக்கே நிற்பதையும் உடனே நினை, அது வந்தால் என்ன செய்வேன் என்றும் முடிவுசெய் என்பது. கடலுக்குப் போகும் எவருக்கும் இது புதிதல்ல. விடியப்புறம் வள்ளம் தள்ளும்போது "நல்ல பாடு படும்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் "வடக்கால இருட்டினா கல்லுக்கு வெளிய போறதில்ல" என்று சேர்த்துச் சொல்கிறார். இரண்டு பேச்சும் சேர்ந்ததுதான் எதிர்பார்ப்பு.

கையில் இல்லாததைக் கையில் இருப்பதாக எண்ணும்போது என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் பக்கத்தில் உதாரணம் உண்டு. யுத்தம் முடிந்த கையோடு நுண்கடன் கம்பனிகள் கிழக்குக்கு வந்தன. வாரத் தவணை, பெண்கள் குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை. கோழி வளர்க்கலாம், கடை போடலாம், வாராவாரம் கட்டிவிடலாம் என்று எல்லாரும் நம்பினார்கள். கடன் கொடுத்தவரும் நம்பினார். வரட்சியும் நோயும் வாரத் தவணைக்குள் அடங்கவில்லை. ஒரு கடனை அடைக்க மறு கடன். கடைசியில் 2018இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. எனக்கு மட்டும் கெட்டது நடக்காது என்ற வைன்ஸ்டீனின் மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அந்தப் பிழைக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கவில்லை.

நன்னம்பிக்கை ஆயுளைக் கூட்டும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதே? அதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 69,744 பெண்களையும் 1,429 ஆண்களையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, மிகவும் நம்பிக்கையானவர்கள் 11 முதல் 15 வீதம் வரை கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கண்டது. பெண்கள் தாதிமார், ஆண்கள் முன்னாள் படைவீரர். புகை, நோய், படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தும் தொடர்பு முழுதாக மறையவில்லை. ஆனால் நல்ல வாழ்க்கை நம்பிக்கையைத் தருகிறதா, நம்பிக்கை நல்ல வாழ்க்கையைத் தருகிறதா என்று பின்தொடர்ந்து பார்ப்பதால் மட்டும் பிரித்துவிட முடியாது. பதிந்த மனச்சோர்வு உள்ளவரிடம் போய் "நல்லதையே நினையுங்கோ" என்று சொல்வதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது. அவருக்கு வேண்டியது வைத்தியம்.

கையால் செய்து கற்கும் நம்பிக்கைக்குப் பிள்ளைகளுக்கு இடம் அமைத்தவர்களும் உண்டு. மட்டக்களப்பு நகரில் 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து ஒரு பூங்காவைத் தொடங்கினார்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பெயர். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள் வந்தார்கள். களிமண், வண்ணம், கதை, நாடகம், மிருகங்கள். உள்ளே நடந்ததில் பெரும்பகுதி கையால் ஏதோ ஒன்றைச் செய்வது. மையரின் எலிகளைப் பற்றிய விளக்கம் வர இன்னும் இருபது வருஷம் இருந்தது.

வளர்ந்தவர்களுக்கும் பரிசோதித்துப் பார்த்த ஒரு பயிற்சி இருக்கிறது. 2005இல் செலிக்மனும் சகாக்களும் வெளியிட்டது. ஒரு வாரம், இரவு படுக்கும்முன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்தும் பயன் தெரிந்தது என்றார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் பயன் இதைவிடச் சிறிதாகவே தெரிந்தாலும் தெரிந்தது. வட்ஸ்அப்பில் சுற்றும் வடிவத்தில் பயிற்சியின் பாதி காணாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில், அது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். என் பார்வையில் வேலை செய்வது அந்த இரண்டாம் பாதிதான், ஏனென்றால் "ஏன்" என்று எழுதும்போது நம் கை பட்ட இடங்கள் வெளியே வருகின்றன. ஓட்டமாவடிப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கும் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம். மீன் முழுக்கப் பத்து மணிக்குள் முடிந்தது; ஏன்? மாதக் கடைசி என்று பாரையைக் குறைத்துச் சூடையைக் கூட எடுத்தேன். மகள் கணக்கில் எழுபது எடுத்தாள், ஏன்? அவள் படித்தாள், எனக்கு இதில் பங்கில்லை, ரியூசன் காசு கட்டியதைத் தவிர. சைக்கிள் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது, ஏன்? நேற்றுத்தான் பிளக் மாற்றினேன்.